மஞ்சள் தண்ணிக்கு நடுவில் ஒரு சைக்கிள் பந்தயம்

இப்போதெல்லாம் காலையில் கம்பம் ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் போகிற பெண் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அடையாளமே தெரிவதில்லை. தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை. போன மாசம் அப்படி இரண்டு பேர் சின்னமனூரில் இளநீர் குடிக்க நின்றார்கள். இளநீர்க்காரன் சும்மா இருக்காமல் என்னைக் கைகாட்டி, இந்த அம்மாவும் ஒரு காலத்தில் பந்தயத்தில் முதல் ஆள் என்று சொல்லிவிட்டான். ஒரு பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனை கியர் வைத்து ஓட்டினீர்கள் என்று கேட்டது.

"ஒரே கியருதான் கண்ணு. எங்க மாமியா. அவுக பின்னால வர்றாகன்னு நெனச்சுக்கிட்டா வண்டி தன்னால பறக்கும்."

சிரித்த சிரிப்பில் அந்தப் பிள்ளைக்கு இளநீர் மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் தங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பை முழுசாக முடிக்காதவள் என்றேன். பிழை இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்றார்கள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள் பிள்ளைகளா. மற்றதில் கை வைக்காதீர்கள்.

தொண்ணூற்றாறில் நான் மார்க்கையன்கோட்டையில் வெற்றிலை சுமக்கிற வேலை பார்த்தேன். கொடிக்காலில் கிள்ளிக் கட்டிய வெற்றிலையைச் சைக்கிளில் ஏற்றி, சின்னமனூரில் முதல் பஸ் கிளம்புவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பஸ் போய்விட்டால் வெற்றிலை வாடிவிடும், கொடிக்கால்காரர் முகம் அதற்கு முன்னாலேயே வாடிவிடும். என் வீட்டுக்காரரும் என்னோடு வருவார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. முன்னால் கைப்பிடியில் இரண்டு பக்கமும் வெற்றிலைக் கட்டு தொங்கும், பின்னால் கேரியரில் இவர் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு வருவார். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார் என்று நினைக்காதீர்கள். மேடு வந்தால் கடலையை மடியில் கட்டிவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

அப்படி ஒரு காலையில் முன்னால் ஏழெட்டு ஆம்பளைப் பையன்கள் பனியன் போட்டுக்கொண்டு வேகமாக மிதித்துப் போனார்கள். ஞானமணி மாஸ்டரின் பந்தயக்காரர்கள். மாஸ்டருக்குச் சின்னமனூரில் சைக்கிள் கடை. அந்தக் காலத்தில் தேனியிலிருந்து குமுளி அடிவாரம் வரை எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் சைக்கிள் பந்தயம் உண்டு. பெரிய கடைக்காரர்கள் ஆள் வைத்து, சட்டையில் கடைப் பெயர் போட்டு, சம்பளம் கொடுத்து ஓட்டுவார்கள். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. வழியை அடைத்துக்கொண்டு போகிறார்களே, பஸ் போய்விடுமே என்கிற எரிச்சல்தான். மணியை அடித்தேன், ஓரம் போனேன், முந்திவிட்டேன். முந்தும்போது என் வீட்டுக்காரர் கடைசிப் பையனுக்குக் கொஞ்சம் கடலை நீட்டியிருக்கிறார். அதுதான் மாஸ்டரைக் குத்திவிட்டது.

பின்னால் மொபெட்டில் வந்தவர் பஸ் நிறுத்தம் வரை துரத்தி வந்து, இந்தச் சைக்கிள் யாருடையது என்று கேட்டார்.

"சைக்கிளு கொடிக்கால்காரரோடது. பின்னால உக்காந்துருக்கது மட்டும்தான் என்னோடது" என்றேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்க மாட்டார். என் காலையும் செயினையும் பார்த்துவிட்டு, நாளைக்குக் கடைக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மாமியார் முதலில் அனுப்ப மாட்டேன் என்றார். வெற்றிலை சுமப்பதற்கும் அதே ரோடு, பந்தயத்துக்கும் அதே ரோடு, இதில் மூட்டை கிடையாது, சம்பளம் கூட என்று எடுத்துச் சொன்னதும் மறுநாளே என்னை எழுப்பிவிட்டவர் அவர்தான்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மிதித்தேன், விழுந்தேன், மிதித்தேன். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். ஆனால் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்களை "ஏலே", "ஏத்தா" என்பார். சைக்கிளை மட்டும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு காதை அச்சுக்குப் பக்கத்தில் வைப்பார். பால்ரஸ் குண்டு ஒன்று தேய்ந்திருந்தாலும் முகம் சுளிக்கும். அப்புறம் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக் கேட்பார். தொய்ந்த கம்பியை முறுக்கும்போது "ஸ்தோத்திரம்" என்று வாய்க்குள் சொல்வார். டயரில் காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எல்லாம் முடிந்தபின் வண்டியை நிமிர்த்திச் சீட்டைத் துடைத்து, "போய்ட்டு வாங்க" என்பார். ஓட்டப் போகிறவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. கன்னத்தில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார், அவ்வளவுதான்.

பந்தயத்தில் மொபெட்டில் பின்னால் வருவார். வாய் திறக்க மாட்டார், ஹாரன்தான். ஒரு தடவை அடித்தால் அடக்கி ஓட்டு. இரண்டு தடவை அடித்தால் முந்து. நீளமாக அடித்தால் பின்னால் லாரி வருகிறது. ஜெயித்து வந்து நின்றால் டயரைத் தொட்டுப் பார்த்து, "காத்து பரவாயில்ல" என்பார். அந்தப் பாராட்டு எனக்கா காற்றுக்கா என்று கடைசிவரை தெரியவில்லை.

அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒரே பாடம், ஓட்டும்போது சிரிக்காதே என்பது. சிரித்தால் மூச்சுப் போய்விடும், மூச்சுப் போனால் கால் போய்விடும். எனக்கு அதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது. வடுகபட்டிப் பந்தயத்தில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தேன். மைக்கில் பேசுகிறவர் எனக்கு முன்னால் ஓடிய ஒரு நாயைப் பந்தயக்காரி என்று நினைத்து, கறுப்பு உடையில் அபாரமாக முன்னேறுகிறார் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, கை ஆடி, வெள்ளைப்பூண்டு காயப்போட்ட சாக்கில் ஏறி விழுந்தேன். முதலில் வந்தது நாய். இரண்டாவது வந்தது, சந்தையில் பூண்டு உரிக்கிற வேலை பார்த்த பூங்கொடி என்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளை. நாய்க்குப் பரிசு இல்லாததால் குடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள்.

மாஸ்டர் என்னைத் தூக்கிவிடவில்லை. வண்டியைத் தூக்கி, "அடி பட்டுச்சாங்க" என்று அதனிடம் கேட்டுவிட்டு, நேராகப் பூங்கொடியிடம் போய் நீயும் கடைக்கு வா என்றார்.

அதிலிருந்து கடைக்குப் பெண்களில் நாங்கள் இரண்டு பேர். நல்ல பிள்ளை, கால் இரண்டும் தேக்கு மாதிரி. என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் காற்று படாமல் ஒளிந்து வந்து கடைசியில் முந்துவாள். குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்றைத் தின்பது நான், குடத்தை வாங்குவது அவள். சில தடவை நானும் அவளுக்கு அதையே செய்தேன். கொஞ்ச வருசத்தில் இரண்டு பேர் வீட்டிலும் ஆளைவிடக் குடம் அதிகமாகிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் மாஸ்டர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ரேஸ் சைக்கிளை வாங்கி வந்தார். வளைந்த கைப்பிடி, விரல் தடிமன் டயர், தோல் சீட்டு. ஒரு கையால் தூக்கிவிடலாம். கடையில் அதற்கு மட்டும் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார். நானும் பூங்கொடியும் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாற்றி மாற்றி ஓட்டுகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஏத்தா, தோல் சீட்டு அது. ஒரு ஆளுக்குத்தான் பழகும். ரெண்டு பேரு உக்காந்தா அவுக கொழம்பிப் போவாக" என்றார். அவுக என்றது சீட்டை.

அடுத்த பந்தயத்தில் எங்கள் இருவரில் யார் முந்தி வருகிறாளோ அவளுக்கு ரேஸ் சைக்கிள். அவளைத்தான் இனி வெளியூர்ப் பந்தயத்துக்கும் அனுப்புவார். மற்றவள் இரும்பு வண்டியோடு உள்ளூர்த் திருவிழாவில் குடம் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு முப்பது தாண்டியாயிற்று. இந்த வண்டி கைவிட்டுப் போனால் எனக்கு அடுத்த வண்டி வெற்றிலை வண்டிதான் என்பது தெரியும்.

அந்த அடுத்த பந்தயம் எங்கள் ஊரிலேயே வந்தது, கோயில் திருவிழாவில். கோயில் பொட்டலில் கிளம்பி, சின்னமனூர் போய்த் திரும்பிப் பொட்டலிலேயே முடிக்க வேண்டும். வழக்கமாக முதல் நாள் நடத்துவார்கள். மைக்செட்காரருக்கு வேறு ஊரில் கல்யாணம் இருந்ததால் அந்த வருசம் கடைசி நாளுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. இது யாருக்கும் உறைக்கவில்லை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் நீராட்டு அன்றைக்கு மச்சான், மதினி என்று கேலி முறை உள்ளவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணி ஊற்றலாம். அண்ணன் தங்கச்சி ஊற்றிக்கொள்ளக் கூடாது. முறை உள்ளவர் செம்போடு வந்தால் ஓடக் கூடாது. நின்று வாங்கி, அதே செம்பில் மிச்சத்தை அவர் தலையில் ஊற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். நிற்காமல் போனால் உன் உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. அதனால் அவருடைய தம்பிமாரும் பங்காளிகளுமாக அந்த ஊரில் பாதி ஆம்பளைகள் எனக்கு மச்சான் முறை. பூங்கொடிக்கு அங்கே ஒரு சொந்தமும் கிடையாது.

போகும்போது ரோடு சும்மாதான் இருந்தது. சாமி ஆற்றுக்குப் போனபிறகுதான் தண்ணி ஊற்ற ஆரம்பிப்பார்கள். சின்னமனூரில் திரும்பும்போது நான் முன்னால், பூங்கொடி என் முதுகுக்குப் பின்னால், மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், தென்னந்தோப்புப் பக்கம், மூத்த மச்சான் செம்போடு ரோட்டின் நடுவில் நின்றார்.

நிறுத்தினேன். என்ன செய்ய. அவர் உச்சந்தலையில் நிதானமாக ஊற்றினார். நான் செம்பை வாங்கி அவர் மேல் ஊற்றினேன். அதற்குள் பூங்கொடி பக்கத்தில் போனாள்.

"அக்கா, குளிச்சு முடிச்சுப் பைய வாங்க" என்றாள்.

பின்னால் மாஸ்டர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மறுபடி இரண்டு தடவை. ஏறி மிதித்தேன். முன்னால் பார்த்தால் கொடிக்கால் ஓரத்தில் ஒரு மச்சான், வாய்க்கால் பாலத்தில் ஒரு கும்பலே மச்சான்கள், எல்லார் கையிலும் செம்பு. ஒவ்வொருத்தரிடமும் நின்றால் பூங்கொடி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்துவிடுவாள். நிற்காமல் போனால் உறவு போய்விடும். நின்றால் வண்டி போய்விடும். கொடிக்கால் மச்சான் செம்பை ஓங்கிவிட்டார். அந்த நேரத்தில் என் வாயில் எந்தச் சாமி வந்து உட்கார்ந்ததோ தெரியாது.

"அண்ணே, நல்லாருக்கீகளாண்ணே" என்றேன்.

மனுசன் அப்படியே நின்றுவிட்டார். மச்சானை அண்ணன் என்று எவளாவது கூப்பிடுவாளா? தங்கச்சி மேல் எப்படித் தண்ணி ஊற்றுவது? செம்பு சாய்ந்து அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டது. நான் போய்விட்டேன்.

பாலத்தில் வரிசையாக நின்றவர்களுக்குக் கோயிலில் சுண்டல் கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அண்ணே, அண்ணே, பெரியண்ணே, சின்னண்ணே. செம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருத்தர் மட்டும் விவரமானவர். "ஏத்தா, நான் உனக்கு அண்ணனா" என்று கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வந்தார். ஆமாம் அண்ணே, தீபாவளிக்குச் சேலை எடுத்து வையுங்கள் என்றேன். ஓட்டத்தை நிறுத்திவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சு வரை வந்துவிட்டது. மாஸ்டர் பாடம் ஞாபகம் வந்து சட்டைக் காலரை வாயில் கடித்துக்கொண்டேன். அண்ணே சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் காலரை விட்டேன், சொன்னேன், மறுபடி கடித்தேன். பூங்கொடியின் முதுகு பக்கத்தில் வந்தது. இந்தத் தடவை அவள் காற்றைத் தின்றாள், நான் ஒளிந்து வந்தேன். பொட்டலுக்குத் திரும்புகிற வளைவில் வெளியே வந்து அவளுக்குச் சமமாகப் பிடித்துவிட்டேன். எல்லைக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால், என் பக்கமாகப் பார்த்து, பித்தளைச் செம்போடு இன்னொருத்தர் வழியில் வந்து நின்றார்.

வாய் பழகிவிட்டது. "அண்ணே, வழிய விடுங்கண்ணே" என்றேன்.

சொன்ன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

நான் ஒரு சக்கரம் முந்திக் கயிற்றைத் தாண்டினேன். கைதட்டல் இல்லை. மைக்காரர்தான் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னார், ராமுத்தாய் முதலிடம், வழியில் கட்டின புருசனையே அண்ணன் என்று அழைத்துவிட்டார் என்று. அப்புறம் எழுந்த சிரிப்பில் கொட்டகை ஆடியது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. செம்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

பூங்கொடி நேராகக் கமிட்டித் தலைவரிடம் போனாள். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, எனக்கு மாமனார் முறை. நின்று தண்ணி வாங்க வேண்டியது இந்த ஊர் வழக்கம், அதை ஏமாற்றி ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு என்று கேட்டாள். நியாயம்தான். நானே அவள் இடத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன். மாஸ்டர் ரேஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கமிட்டி யாரைச் சொல்கிறதோ அவளுக்குத்தான் கொடுப்பேன் என்றார். எங்கள் கிறிஸ்தவ சபையில் இதற்குச் சட்டம் இல்லை என்று வேறு சொன்னார்.

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஏத்தா ராமுத்தாயி, நீ அவுகளுக்குத் தங்கச்சின்னா நிக்காமப் போனது சரி, ஜெயிச்சது செல்லும். ஆனா அவுகளுக்குத் தங்கச்சின்னா எம் மகனுக்கும் தங்கச்சி. பொட்டியக் கட்டிக்கிட்டு ஒம் பொறந்த ஊரு மயிலாடும்பாறைக்குப் போயிரு. இல்ல, மச்சான் முறைதான்னா, நின்னுருக்கணும். வண்டி அந்தப் பிள்ளைக்கு."

வண்டியா புருசனா என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டார். ரேஸ் சைக்கிளைப் பார்த்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, என் மாமியார் கூட்டத்திலிருந்து இருமினார்.

சரி, தங்கச்சியாகவே இருந்துவிடுகிறேன் என்றேன். அண்ணன்மார் எல்லாரும் இத்தனை வருசத் தீபாவளிச் சீரைக் கொண்டுவந்து வைக்கட்டும், என் பிள்ளைகளுக்கு இனிமேல் அவர்கள்தான் தாய்மாமன், காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரும் அவர்கள் பொறுப்பு என்றேன். பொட்டலில் ஒரு சலசலப்பு. பாலத்து மச்சான் முதல் ஆளாக ஓடி வந்தார்.

"பெரியப்பா, ஊத்தாததுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நாங்களா விட்டுக் குடுத்ததாவே வச்சுக்கங்க. மதினி மதினியாவே இருக்கட்டும்."

ஊற்ற வேண்டியவர்களே விட்டுக்கொடுத்தால் வழக்கு ஏது, இப்போது ஊற்றி முறையைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள் என்று தலைவர் எழுந்தார். மாஸ்டர் கூடச் சைக்கிளை என் பக்கம் அரை அடி நகர்த்தினார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நான் விட்டுக் குடுக்கல."

எல்லாரும் திரும்பினார்கள். கேரியரில் உட்கார்ந்து கடலை தின்கிற மனுசன். ஊர்க் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவ என்னைய ஏங்க, இந்தாங்க, இந்தாளுன்னுதான் கூப்புடுறா. ஒரு நாளு மச்சான்னு கூப்புட்டது இல்ல. இன்னைக்கு ஊரு கேக்க அண்ணேன்னா. ஊரு கேக்க மச்சான்னு ஒரு தடவ சொல்லட்டும். அப்பறம் வண்டிய எடுத்துக்கிறட்டும்."

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஊர் ஜனங்களுக்கு முன்னால் சேலையைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு ஓட்டியவள் நான். அன்றைக்கு வெட்கம் வந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். பூங்கொடி, அந்தப் போக்கிரி, மைக்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி என் வாய்க்கு நேராக நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "மச்சான்" என்றேன்.

அது நாலு தெருவுக்கும் கேட்டது. கேட்ட மச்சான் எல்லாரும் தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் செம்பு வந்தது என்று தெரியவில்லை. மூக்கில், காதில், வாயில் எல்லாம் மஞ்சள். கடைசியாக ஒரு செம்பு மட்டும் அவசரமே இல்லாமல் உச்சியிலிருந்து வழிந்தது. அது யாருடையது என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. மாஸ்டர் தூரத்தில் நின்று, ஈரம் காய்ந்த பிறகுதான் சீட்டில் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அந்த வண்டியில் ராஜபாளையம், கோவில்பட்டி, பொள்ளாச்சி என்று ஓட்டினேன். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. 2010-இல் முழங்கால் போதும் என்று சொன்னது, விட்டுவிட்டேன். பூங்கொடியும் சீக்கிரமே சொந்தமாக ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினாள், என்னை நிறையத் தடவை முந்தினாள். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பந்தயத்தை அதன்பிறகு கமிட்டி மஞ்சள் நீராட்டு அன்றைக்கே வைத்துவிட்டது. கூட்டம் அப்படி. அடுத்த திருவிழாவுக்குள் நான் வடுகபட்டிக்கு மூன்று தடவை போனேன். பூங்கொடியின் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்தபடியே, எங்கள் கடைசி மச்சானுக்கு அவளைப் பேசி முடித்தேன். அந்தத் திருவிழாவிலிருந்து அவளுக்கும் ரோடு நெடுகச் செம்போடு மச்சான்மார் நின்றார்கள். பந்தயம் என்றால் இரண்டு பேருக்கும் ரோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும் இல்லையா?